காலை உடற்பயிற்சிக்குப் பிறகு சாப்பிடுவதா, வயிற்றைக் காயப்போடுவதா? என் நான்கு வருட அனுபவம்

2021 செப்டம்பரில் என் எடை 84 கிலோ, இடுப்பு 40 அங்குலம், வயது நாற்பது. ராமேஸ்வரம் பக்கம், வடக்கிலும் தெற்கிலும் கடல் உள்ள மண்டபம் ஊரில் மீன்பிடி வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்குத் திறந்தால் இரவு எட்டு வரை பெரும்பாலும் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். கடலுக்குப் போகாத எனக்கு உடம்பு அசைய வேறு வழி வேண்டும் என்று அந்த மாதம்தான் ஜிம்மில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி எடைப் பயிற்சி. செவ்வாய், வியாழன் ஓட்டம். சனிக்கிழமை நீச்சல்: தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வடகடல், வாடைக்காலத்தில் தென்கடல். எல்லாம் காலை ஐந்தரைக்கு, வெறும் வயிற்றில் ஒரு கறுப்புக் காப்பியோடு. இந்த நேரம் இன்று வரை மாறவில்லை. மாறிக்கொண்டே இருந்தது அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான்.

முதல் பதினைந்து மாதம் பட்டினி. பயிற்சி முடிந்ததும் சாப்பிட்டால் எரிகிற கொழுப்பு நின்றுவிடும், மதியம் வரை தாங்கினால் உடம்பு சேர்த்து வைத்ததை எடுத்துத் தின்னும் என்று ஜிம்மில் சொன்னார்கள். நம்பினேன். ஆறரைக்குப் பயிற்சி முடியும், ஒரு மணிக்குத்தான் முதல் சாப்பாடு. அம்மா தினமும் "ஏப்பா, ஒரு வாய் நீராகாரமாவது குடிச்சிட்டுப் போ" என்பார். மறுத்துவிட்டுப் போவேன்.

பலன் கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஐந்து மாதத்தில் 77 கிலோவுக்கு வந்தேன். அதோடு நின்றது. அடுத்த பத்து மாதம் ஒரு கிலோ கூடும், ஒரு கிலோ குறையும், அவ்வளவுதான். அதைவிட உறுத்தியது ஸ்குவாட், அதாவது தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி. 60 கிலோவில் வந்து நின்றவன் அதற்கு மேல் ஏறவே இல்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததால் காரணம் பிடிபட்டது. எடைப் பயிற்சி செய்த நாட்களில் மதியம் இரண்டு தட்டுச் சோறு, மாலை நாலரைக்கு வடை, பஜ்ஜி, இரவு மறுபடி பரோட்டா. காலையில் கட்டிய வயிறு மாலையில் வட்டியோடு வாங்கிக்கொண்டது. ஓட்ட நாட்களில் இந்தப் பேய்ப்பசி இல்லை. இந்த வித்தியாசத்தை அப்போதே கவனித்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022 மே மாதம். பாம்பன் சாலைப் பாலத்தின் மண்டபம் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, பாலத்தைக் கடந்து திரும்பி ஓடுவது என் வழக்கம். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், நடுவில் மேடு, இரண்டு பக்கமும் கடல். அதைப் போல ஓட ஓர் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அன்று காற்று துளியும் இல்லை. சட்டையைப் பிழிந்தால் ஊற்றும் அளவுக்கு வியர்வை. வீட்டுக்கு வந்து அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். பதினோரு மணிக்கு ஒரு கயிற்றுக் கட்டைத் தூக்கும்போது கண் இருட்டியது. சரக்கு இறக்க வந்த தம்பி பிடிக்காமல் விட்டிருந்தால் இரும்பு நங்கூரங்களின் மேல்தான் விழுந்திருப்பேன்.

பட்டினியால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். 1.3 கிலோ குறைவு. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில் 1.3 கிலோ கொழுப்பு எரியாது. போனது கிட்டத்தட்ட 1.3 லிட்டர் நீர், அதோடு உப்பு. நம் கடற்கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது, அதனால் இன்னும் வியர்க்கும். ஆகவே சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் தண்ணீரையும் உப்பையும் தள்ளிப்போடாதீர்கள். நான் இப்போது ஓடி முடித்ததும் ஒரு செம்பு நீராகாரத்தில் கல் உப்பும் நசுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுக் குடிக்கிறேன். அம்மா அன்று முதல் சொன்னது இதைத்தான். பட்டினி இருக்கும் நாளென்றால் வெறும் உப்புத் தண்ணீரும் எலுமிச்சையும். பிறகு எத்தனையோ முறை அதே பாலத்தில் ஓடிவிட்டு மதியம் வரை சாப்பிடாமல் இருந்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தலை சுற்றவில்லை.

2023 ஜனவரியில் நேர் எதிர்ப்பக்கம் போனேன். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போகவில்லை என்றால் உழைத்தது வீண் என்று இன்னொரு பயிற்சியாளர் சொன்னார். டப்பா பவுடர் வாங்கினேன். ஜிம் வாசலிலேயே நின்று குலுக்கிக் குடிப்பேன், வீட்டுக்கு வந்து ஆறு இட்லி. எட்டு மாதத்தில் ஸ்குவாட் 60-லிருந்து 85-க்கு ஏறியது. எடையும் 81 ஆனது, இடுப்பும் கூடியது. பவுடருக்கு மாதம் மூவாயிரத்துக்கு மேல் போனது. பலம் வந்தது உண்மை. ஆனால் அது அரை மணி நேர அவசரத்தால் வந்ததா, நாள் முழுவதும் புரதம் கூடியதால் வந்ததா?

அப்போதுதான் இது பற்றித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். ஷோன்ஃபெல்ட், அரகான், கிரீகர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பயிற்சியை ஒட்டிப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரிந்த நன்மை பெரும்பாலும் அவர்கள் மொத்தத்தில் அதிகப் புரதம் சாப்பிட்டதால் வந்தது என்று கண்டார்கள். எடை தூக்கிய பிறகு தசை புதிதாகக் கட்டிக்கொள்ளும் வேகம் ஒரு நாள் வரைக்கும் உயர்ந்தே இருக்கிறது. கதவு அரை மணியில் சாத்திக்கொள்வதில்லை. அதே சமயம், வெறும் வயிற்றில் எடை தூக்கிவிட்டு எதுவும் சாப்பிடாமலே இருந்தால், கட்டுவதைவிடக் கரைவது அதிகமாகவே இருக்கும். புரதம் உள்ளே போன பிறகுதான் கணக்கு நம் பக்கம் திரும்பும். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை தூக்கி, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் பதினேழு மணி நேரம். என் 60 கிலோ ஏன் நகரவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

கொழுப்புக் கரைப்புப் பக்கமும் அப்படியே. அதே ஷோன்ஃபெல்ட் குழு 2014-இல் இருபது இளம்பெண்களை இரண்டாகப் பிரித்து, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் என நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தது. ஒரு பாதிக்கு வெறும் வயிறு, மறுபாதிக்குச் சாப்பாட்டுக்குப் பின். இருவருக்கும் அளவான உணவு. இரண்டு பக்கமும் எடை குறைந்தது, வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதுவும் பயிற்சிக்கு முந்தைய சாப்பாட்டைப் பற்றியது. ஆனாலும் பயிற்சி நேரத்தில் எந்த எரிபொருள் எரிகிறது என்பதைவிட நாளின் மொத்தம்தான் இடுப்பில் தெரியும் என்று என் நோட்டும் சொன்னது. பட்டினி ஆதரவாளர்கள் ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமிக்கு 2016-இல் கிடைத்த நோபல் பரிசைச் சொல்வார்கள். அவர் ஆராய்ந்தது செல் தன்னையே தின்று சுத்தம் செய்யும் வேலையை, அதுவும் ஈஸ்டில். ஜிம்முக்குப் பிறகு இட்லி சாப்பிடலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் தேட வேண்டாம்.

எனக்கு இதில் கண் திறந்தவன் கீழக்கரை நண்பன். அவர்கள் ஊரில் காலைச் சாப்பாட்டையே பசியாறுவது என்பார்கள். 2024 ரமலான் மாதத்தில் அவனோடு சில நாட்கள் பயிற்சி செய்தேன். மற்ற மாதங்களில் காலையில் தூக்குகிறவன், நோன்பு மாதத்தில் நேரத்தை மாலை ஐந்தேகாலுக்கு மாற்றிவிட்டான். தூக்கும் எடையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டான். முடித்துக் குளித்து வந்தால் நோன்பு திறக்கும் நேரம். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. தொழுதுவிட்டு வந்து முட்டையும் மீனும். "மாப்ள, விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாடு சாப்பிட்ட பிறகு தூக்கினால் நாள் பூரா தண்ணிகூட இல்லாம கிடக்கணும், அது உடம்புக்குச் செய்யற அநியாயம்" என்றான். பட்டினியை மாற்ற முடியாதபோது பயிற்சியை நகர்த்தியிருக்கிறான். அந்த மாதம் அவன் பலம் பெரிதாகக் குறையவில்லை. கேள்வியையே நான் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. அடுத்த சாப்பாடு எப்போது, என்ன வேலை செய்து முடித்தோம் என்ற இரண்டையும் விட்டுவிட்டுச் சாப்பிடலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு வருடமாக நான் செய்வது இது. எடை தூக்கும் நாளில் ஏழரை, எட்டுக்குள் நன்றாகச் சாப்பிடுகிறேன். மூன்று முட்டை, மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் புரதம், ஆறு இட்லி தின்றாலும் இரண்டு முட்டைக்குத்தான் சமம். படகு வந்த நாளென்றால் முட்டைக்குப் பதில் சூடை மீன் அவியல் போல, எண்ணெய் குறைத்து. நூறு கிராம் மீனில் இருபது கிராமை ஒட்டிப் புரதம், பவுடர் ஒரு கரண்டியில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். சூடையின் விலையில் பவுடர் கிடைக்காது. டப்பாவை நிறுத்திவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது நிலக்கடலையும் சுண்டலும் கூடும்.

ஓட்ட நாளில் பசித்தால் கேப்பைக்கூழ், பசிக்காவிட்டால் மதியம் வரை ஒன்றுமில்லை. நீரும் உப்பும் மட்டும் கட்டாயம். நீச்சலுக்குப் பிறகு பசி எனக்கு அடங்குவதே இல்லை, அதனால் சனிக்கிழமை யோசிப்பதில்லை, சாப்பிட்டுவிடுகிறேன். இப்போது எடை 75, இடுப்பு 35, ஸ்குவாட் 100.

அக்கா மகன் கபடி ஆடுகிறான், காலையில் ஜிம், மாலையில் மைதானம். அவனிடம் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை காலியான பிறகு, ஒரு நாள் இடைவெளி இருந்தால் சாதாரணச் சாப்பாட்டிலேயே நிரம்பிவிடும். எட்டு, பத்து மணி நேரத்தில் மறுபடி ஆட வேண்டியவனுக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் இரண்டு மணி நேரத்தில்தான் நிரம்பும் வேகம் அதிகம். அவன் பயிற்சி முடிந்ததும் சோறே சாப்பிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். என்னைப் பார்த்து என் மாமியாரும் காலை நடைக்குப் பிறகு சாப்பிடாமல் இருக்க ஆரம்பித்தார். எங்களிடம் சொல்லவில்லை. அவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். ஒரு நாள் ஒன்பதரைக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மனைவி குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம் இட்லி கொடுத்தோம். நடந்த தசை இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுக்கும், மாத்திரை இன்னொரு பக்கம் இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றில் ஒன்றும் இல்லை. இந்த வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுக்கும் யாரும் பட்டினியைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது, மருத்துவரிடம் கேட்டு, அளவை மாற்றிக்கொண்ட பிறகுதான். அத்தை இப்போது நடக்கக் கிளம்பும்போது மடியில் இரண்டு துண்டு கருப்பட்டி முடிந்துகொண்டு போகிறார். வந்ததும் முதலில் சாப்பாடு, அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் குடத்தை நகர்த்தக்கூட மனைவி விடுவாள்.