நோட்டுப் புத்தகமா, செயலியா? எடைப் பயிற்சிக் கணக்கை எதில் எழுதுவது

எடை தூக்க ஆரம்பித்து எனக்கு நான்கு வருடம் ஆகிறது. மும்பை செம்பூரில் சேடா நகர் முருகன் கோயில் படி ஏறும்போது முட்டி வலித்துப் பாதியில் உட்கார்ந்தேன். அப்போது பார்த்த பிசியோதெரபிஸ்ட்தான் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றச் சொல்லி அனுப்பினார். எவ்வளவு எடை, எத்தனை தடவை என்ற கணக்கை முதல் ஒன்றரை வருடம் செல்போன் செயலியில் எழுதினேன். அப்புறம் மூன்று மாதம் கூகுள் ஷீட். அதற்குப் பிறகு இன்றுவரை நோட்டுப் புத்தகம். நான் நோட்டின் பக்கம் நிற்கிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

எதற்கு எழுத வேண்டும் என்ற கேள்வியில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், எடைப் பயிற்சியை ஒரு கணக்குக்குள் கொண்டுவந்தார். ஒருவரால் சரியாக 10 தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடிப்பது, அதில் பாதி எடையில் ஒரு செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று), முக்கால் எடையில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட் செய்வது, பலம் கூடக்கூட எடையைக் கூட்டுவது. இன்று எல்லா ஜிம்மிலும் ஓடுகிற 'மூணு செட், பத்து பத்து' இந்த வழியில் வந்ததுதான். போன வாரம் எவ்வளவு என்று தெரியாமல் இந்த வாரம் கூட்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செயலிகளில் ஸ்ட்ராங், ஹெவி, ஃபிட்நோட்ஸ் போன்றவை பலரும் பயன்படுத்துபவை. எதையும் இறக்கிப் பார்க்கக் காசு வேண்டாம். நோட்டுக்குக் கொஞ்சம் காசு ஆகும். போனை எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும். வியர்த்த விரலைத் திரை சரியாக வாங்காது. நோட்டு நனையும், தொலையும். இதில் எதுவும் என்னை ஒரு பக்கமாகத் தள்ளவில்லை. தள்ளியது ஒரே ஒரு விஷயம்: எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது.

நான் போவது பழைய வியாயாம்சாலா, அதாவது உடற்பயிற்சிக்கூடம் ஒன்று. ஒரு மூலையில் குஸ்திக்காரர்கள் சுற்றிய கதாயுதங்கள் இன்னும் கிடக்கின்றன. எடைக்கம்பியை அங்கே யாரும் பார்பெல் என்று சொல்வதில்லை, ராடுதான். எடையைச் சொல்வதும் மும்பை ஜிம் வழக்கப்படிதான்: 'தஸ்-தஸ் லகா'. பக்கத்துக்குப் பத்து கிலோ என்று அர்த்தம். ராடின் எடையை யாரும் வாயில் சேர்ப்பதில்லை. ஒலிம்பிக் ராடு என்றால் ஆண்களுக்கானது 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ என்று படித்திருந்தேன். அதனால் எங்கள் ஜிம்மில் நான் எடுக்கிற ராடெல்லாம் 20 கிலோ என்று வைத்துக்கொண்டேன். பக்கத்துக்குப் பதினைந்து போட்டால் 50. செயலியிலும் 50 என்றே பதிந்தேன்.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது) தாறுமாறாகப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை 50 கிலோவில் 8 தடவை. அடுத்த வாரம் அதே 50இல் நாலு தடவைக்கு மேல் எழ முடியவில்லை. செயலி ஒவ்வொரு பதிவிலிருந்தும் ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்று மதிப்பிட்டுக் கோடு போட்டுக் காட்டும். பல செயலிகள் பயன்படுத்தும் எப்லி சூத்திரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். ரெப் எண்ணை, அதாவது எத்தனை தடவை தூக்கினோம் என்பதை, 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 50 கிலோவில் 8 என்றால் 63.3. 50 கிலோவில் 4 என்றால் 56.7. ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட ஆறரை கிலோ காணாமல் போயிருந்தது. கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியது.

பயந்துவிட்டேன். சாப்பாட்டைக் கூட்டினேன், எடையை 40க்கு இறக்கினேன், மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். முட்டி மறுபடி மோசமாகிறதோ என்று ஒரு மருத்துவச் செலவும் ஆனது.

அப்புறம் ஒரு நாள் இரண்டு ராடுகள் அடுத்தடுத்து சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் மெலிசு. எடை மெஷினில் முதலில் சும்மா ஏறி நின்றேன்: 61.4. மெலிந்த ராடைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்: 75.4. அதாவது ராடு 14 கிலோ. தடித்தது 20ஐ ஒட்டி வந்தது. நல்லபடியாக எட்டு தடவை வந்த நாளில் நான் தூக்கியது 44 கிலோ. நாலோடு நின்ற நாளில் தூக்கியது உண்மையாகவே 50. மறுபடி கணக்குப் போட்டேன். 44இல் 8 என்றால் 55.7. 50இல் 4 என்றால் 56.7. பலம் ஒரு கிலோ கூடியிருக்கிறது. செயலி ஆறரை கிலோ இறங்கிவிட்டேன் என்று காட்டிய அதே வாரத்தில்.

தப்பு செயலியுடையது அல்ல, நான் கொடுத்ததைத்தான் அது கணக்குப் போட்டது. குறிப்பு எழுத அதில் இடமும் இருந்தது. ஆனால் அந்த இடம் இன்னொரு தட்டலுக்குப் பின்னால் இருந்தது. கண்ணெதிரே இருந்தவை எடைக்கு ஒரு கட்டம், ரெப்புக்கு ஒரு கட்டம். இரண்டு கட்டம் மட்டும் கண்ணில் பட்டால் மனம் இரண்டு எண்ணைத்தான் தேடும். எந்த ராடு, எவ்வளவு ஓய்வு, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், ஹார்பர் லைன் ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்த நாளா என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டில் வெற்று வரி இருக்கிறது. வெற்று வரி இருந்தால் கை எதையாவது எழுதுகிறது.

இன்றைய என் வரி ஒன்று இப்படி இருக்கும்: தேதி, 'பெ.ரா. 55 — 5, 5, 4. ஓய்வு 3 நிமிஷம். தூக்கம் 5 மணி. கடைசி ரெப்பில் இடது குதிகால் தூக்கியது.' பெ.ரா. என்றால் பெரிய ராடு, சி.ரா. என்றால் சின்ன ராடு. எழுத இருபது விநாடி ஆகும். டம்பெல்லாக இருந்தால் '12.5 கைக்கு' என்று எழுதுகிறேன். வெறும் 12.5 என்றோ 25 என்றோ விட்டால் ஒரு மாதம் கழித்துக் குழப்பம் நிச்சயம். கேபிள் மெஷினில் எந்த மெஷின் என்று கட்டாயம் எழுதுங்கள். ஒரு புல்லியில் (கப்பியில்) சுற்றி வருகிற 30 கிலோவும் இரண்டு புல்லியில் சுற்றி வருகிற 30 கிலோவும் கைக்கு ஒன்றல்ல.

இன்னொன்று: '3×5' என்று எழுதாதீர்கள். மூன்று செட் ஐந்து ரெப்பா, ஐந்து செட் மூன்று ரெப்பா என்று ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு செட்டின் ரெப்பையும் தனித்தனியாக எழுதினால் அந்தச் சண்டையே இல்லை. எங்கள் ஜிம்மில் இருக்கிற சின்னத் தட்டு 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக 5 கிலோ ஏறும். 50 தூக்குகிறவளுக்கு அது பத்து சதவீதம். அதனால் என் முன்னேற்றம் பல வாரம் எடையில் தெரியவே தெரியாது. 5, 5, 4 என்பது 5, 5, 5 ஆகி, 6, 5, 5 ஆவதில்தான் தெரியும். பிறகு 1.25 கிலோ தட்டு ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நோட்டுக்கு அடுத்தபடியாக உருப்படியான செலவு அது.

நோட்டு என்று முடிவான பிறகும் எப்படி எழுதுவது என்பதில் எனக்கு ஒரு திருப்பம் வந்தது. ஆரம்பத்தில் நாள்வாரியாக எழுதினேன். இன்றைய பக்கத்தில் ஸ்குவாட், பெஞ்ச் (படுத்துக்கொண்டு ராடை மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) எல்லாம் வரிசையாக. அப்படி எழுதினால் போன தடவை பெஞ்ச் எவ்வளவு என்று பார்க்க நாலு பக்கம் பின்னால் புரட்ட வேண்டும். மாட்டுங்காவில் அப்பா கடை நடத்தியபோது இரண்டு புத்தகம் வைத்திருந்தார். அன்றன்றைய வரவு செலவுக்கு நாளேடு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பக்கம் ஒதுக்கிய பேரேடு. யாராவது கடைக்குள் நுழைந்தால் அப்பா பேரேட்டைத்தான் திறப்பார், பழைய பாக்கி ஒரே பார்வையில் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தும் எனக்கு இது உறைக்க ஆறு மாதம் ஆனது. இப்போது ஸ்குவாட்டுக்கு இருபது பக்கம், பெஞ்சுக்கு இருபது பக்கம் என்று ஒதுக்கிவிடுகிறேன். இன்றைய வரிக்கு நேர் மேலே போன வார வரி. அதற்கு மேலே அதற்கு முந்தைய வாரம். ராடைத் தொடுவதற்கு முன்னால் எட்டு வாரம் கண்ணில் படுகிறது, காரணங்களோடு.

செயலியும் போன தடவையின் எண்ணைப் பக்கத்திலேயே காட்டும். ஒரு தடவையை. எட்டு வாரம் வேண்டுமென்றால் இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும், இரண்டு நிமிட ஓய்வுக்குள் நான் போனதில்லை.

செயலி ஜெயிக்கிற இடங்களும் உண்டு. ஓய்வு நேரத்தை அது தானாக எண்ணி ஒலி எழுப்பும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடை, ரெப், செட் மூன்றையும் பெருக்கி மொத்தச் சுமையைக் காட்டும். 50 கிலோ, 5 ரெப், 3 செட் என்றால் 750. நான்கைந்து பயிற்சிக்குக் கையால் அதைப் போடுவது அலுப்பு. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பயிற்சி என்று செய்கிறவர்களுக்குப் பேரேடு சரிப்படுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு பயிற்சிதான். போட்டிக்குத் தயாராகிறவர்கள், தூரத்தில் இருக்கும் பயிற்சியாளருக்குக் கணக்கு அனுப்புகிறவர்கள் ஆகியோர் விஷயத்திலும் எனக்கு அனுபவம் கிடையாது. கணக்கைப் பதிகிற கைக்கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கி இரண்டு வாரம் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

செயலியிலேயே இருப்பவர்கள் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள்: கணக்கை வெளியே எடுத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து மாதம் ஒரு தடவை சேமியுங்கள். போன் மாற்றியபோது என் எட்டு மாதக் கணக்கு போயிற்று. திரும்ப வரவில்லை.

ஷீட்டைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும். ஜிம்மில் நின்றுகொண்டு போன் திரையில் சின்னக் கட்டங்களைத் தட்டுவது எனக்கு ஒத்துவரவே இல்லை. ஆனால் வீட்டில் அதற்கு ஈடு கிடையாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான்கு முக்கியப் பயிற்சிகளின் சிறந்த செட்டை மட்டும் ஏற்றுகிறேன், பத்து நிமிஷ வேலை. நோட்டுப் பக்கங்களைப் போட்டோவும் எடுத்து வைக்கிறேன். மும்பை மழையில் நோட்டை நம்பி மட்டும் இருக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிளாஸ்டிக் உறை, பால் பாயின்ட் பேனா. ஜெல் பேனாவில் எழுதிய ஒரு ஜூலை மாதம் முழுக்க நீலக் கறையாகக் கிடக்கிறது.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெண் என்னோடுதான் ஜிம்முக்கு வருகிறாள், இருபத்து நாலு வயது. "போனே எல்லாத்தையும் பார்த்துக்குமேக்கா, எதுக்கு இந்த நோட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ராடு கதையைச் சொல்லிக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். அவள் நோட்டு வாங்கவில்லை. தன் செயலியில் ஸ்குவாட்டை இரண்டாகப் பிரித்து 'ஸ்குவாட் பெரிய ராடு', 'ஸ்குவாட் சின்ன ராடு' என்று பெயர் வைத்தாள். எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. போன மாதத்திலிருந்து அவள் திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன, இரண்டும் மேலே.