நீள் வகுத்தலுக்கே மூன்று கிழமை: உப்புவெளிப் பக்கத்து இணைந்த கணித வகுப்பு

திருகோணமலையில் உயர்தர இணைந்த கணிதத்துக்குப் பிள்ளையை எங்கே விடலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் எழுதுகிறேன். படிப்பிக்கிற சேர் விளம்பரம் வேண்டாம் என்றார், அதனால் பெயர் போடவில்லை. உப்புவெளிப் பக்கம், வீட்டு விறாந்தையில் நடக்கிற வகுப்பு, மொத்தம் 14 பிள்ளைகள், மாதம் 2500 ரூபாய்.

முதலில் மகளை நகருக்குள் ஒரு பெரிய மண்டபத்தில்தான் சேர்த்தோம். மைக், திரை, இருநூறு பிள்ளைகள். பல்லுறுப்பி, அதாவது எக்ஸின் படிகள் சேர்ந்த கோவை, பாடமாக வந்த அன்று நீள் வகுத்தலை 20 நிமிடத்தில் காட்டி முடித்து, "இது தெரியும்தானே" என்று, வகுக்காமலே மீதியைக் காணும் மீதித் தேற்றத்துக்குத் தாவிவிட்டார்களாம். எங்கே தெரியும்? காரணிப்படுத்தத் தெரியும், எண்களை நீளமாக வகுத்ததெல்லாம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலோடு சரி. ஒருநாள் கொப்பியைப் பார்த்தேன். எக்ஸ் கியூப் மைனஸ் 7 எக்ஸ் பிளஸ் 6 ஐ எக்ஸ் மைனஸ் 2 ஆல் வகுக்கச் சொன்ன கணக்கு. எக்ஸ் ஸ்குயார் உறுப்பு இல்லாததால் அதற்கு இடமே விடாமல் எழுதி, மைனஸ் 2 எக்ஸ் ஸ்குயாரைக் கொண்டுபோய் மைனஸ் 7 எக்ஸுக்குக் கீழே வைத்துக் கழித்து, மைனஸ் 5 என்று போட்டிருந்தாள். அடுத்த பக்கமும் அதேதான், அதற்கடுத்த பக்கமும் அதேதான், ஒருவரும் திருத்தவில்லை.

உப்புவெளி வகுப்பில் முதல் நாள் எக்ஸே கிடையாது. 2035 ஐ 11 ஆல் வகுக்கவிட்டார். நான் வாங்கில் இருந்து ஜன்னலால் கேட்டுக்கொண்டிருந்தேன். "நூறின் இடத்தில் ஒன்றும் இல்லையே, அந்த 0 ஐ எடுத்துவிடுவோமா?" என்று கேட்டார். எடுத்தால் 235 என்று ஒரு பொடியன் சொல்ல, "2035 ரூபாய் தரவேண்டியவன் 235 தந்தால் விடுவியா தம்பி?" என்றார். அதன்பிறகுதான் பல்லுறுப்பி. இல்லாத படிக்கு 0 போட்டு இடம் விடவேண்டும் என்பது மகளுக்கு அன்றைக்கே ஏறிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் பிறந்த அல் சமவ்அல் என்பவர் குணகங்களை அட்டவணையில் வைத்து, வெற்றிடத்துக்கு 0 போட்டே பல்லுறுப்பிகளை வகுத்தார் என்றும் இடையில் ஒரு கதை சொன்னார், பிள்ளைகள் கேட்டார்களோ தெரியாது, நான் கேட்டேன்.

பிள்ளைகள் அதிகம் விழுகிற இடம் கழித்தல். இவர் கழிக்கவே விடுவதில்லை, கீழ்வரி முழுவதற்கும் சிவப்புப் பேனையால் குறியை மாற்றிவிட்டுக் கூட்டச் சொல்கிறார். இரண்டாம் கிழமையில் சிவப்புப் பேனையைப் பறித்துவிடுவார், பரீட்சையில் அது கிடையாதே. விடை வந்ததும் ஈவை வகுத்தியால் பெருக்கி மீதியைக் கூட்டி வகுக்கத் தந்த கோவை திரும்ப வருகிறதா என்று பார்க்கவேண்டும், அதைச் செய்யாத கொப்பியை அவர் பார்க்கவே மாட்டார். அப்புறம்தான் மீதித் தேற்றம்: அதே எக்ஸ் கியூப் மைனஸ் 7 எக்ஸ் பிளஸ் 6 இல் எக்ஸுக்கு 2 போட்டால் 8 கழித்தல் 14 கூட்டல் 6, பூச்சியம். இவ்வளவு நேரம் வகுத்துக் கண்ட மீதி ஒரு வரியில் வந்து நின்றதும் வகுப்பே சிரித்தது.

குணகங்களை மட்டும் எழுதி வகுக்கிற குறுக்குவழியான தொகுமுறை வகுத்தலை மட்டும் பிடிவாதமாகத் தள்ளிப்போடுவார். வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் விடை எடுக்க, மகள் அரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு எரிச்சல்தான். பிறகு, ஒரு பின்னத்தைச் சிறு பின்னங்களாகப் பிரிக்கிற பகுதிப் பின்னம் வந்தது. எக்ஸ் கியூப் பிளஸ் 2 மேலே, எக்ஸ் ஸ்குயார் மைனஸ் 1 கீழே. மேலே படி கூட, ஆகவே முதலில் வகுக்கவேண்டும். வகுத்தி இருபடி என்றதும் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் படித்த குறுக்குவழி கைகொடுக்கவில்லை. மகள் ஈவு எக்ஸ், மீதி எக்ஸ் பிளஸ் 2 என்று மூன்று வரியில் எடுத்துவிட்டாள். சரி, சேரிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை.

குறையும் சொல்லவேண்டும். மூன்று கிழமை கூடிப்போச்சு, இரண்டு போதும். மற்ற அலகுகள் இழுபடுகின்றன, திரிகோண கணிதத்தை எப்போது தொடுவார் என்று கேட்டால் சிரிக்கிறார். ரியூட், அதாவது வகுப்பில் தருகிற பயிற்சித்தாள், அச்சு படுமோசம்: ஒரு தாளில் மைனஸ் குறிகள் பாதி மங்கி, பிளஸா மைனஸா என்று தெரியாமல் மகள் ஒரு பின்னேரம் முழுக்கப் பிழையான கணக்கைச் செய்தாள். குறிக்காக இவ்வளவு மினக்கெடுகிற மனிசன் அச்சைக் கவனிக்கவேண்டாமா? நாலரை என்றால் நாலே முக்காலுக்குத்தான் தொடங்கும். வராமல் விட்ட பிள்ளைக்கு ஞாயிறு காலையில் திரும்பச் சொல்லிக்கொடுப்பார், அதற்குக் காசு இல்லை.

மூன்றாம் தடவை எழுதுகிறவர்களுக்கு, வினாத்தாள் பயிற்சி மட்டும் தேடுகிறவர்களுக்கு இது சரிவராது. இப்போதுதான் உயர்தரம் தொடங்குகிற பிள்ளை என்றால் தயங்காமல் விடலாம். சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றும் சிவப்புப் பேனை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். வெளியே வாங்கில் காத்திருக்கப்போகிற ஆள் நீங்கள் என்றால் நுளம்புச் சுருளையும் மறக்கவேண்டாம்.