டிராயருக்குள் ஃபோமா, தடுப்பா, கட்டப் பெட்டியா?

வேலை முடிந்து டிராயரைத் தள்ளி மூடும் முன் உள்ளே ஒரு பார்வை பார்ப்போம். எந்தக் கருவி இன்னும் திரும்பி வரவில்லை என்று அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட வேண்டும். கைக்கருவிகளை அடுக்கும் முறைகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். இடம், உழைப்பு, அழகு எல்லாம் அடுத்த வரிசை.

இந்த ஒரு விஷயத்தில் ஃபோமுக்கு இணையே கிடையாது. மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் அல்லது சிவப்பு என இரண்டு நிற ஃபோமை விரித்து, மேல் அடுக்கில் கருவியின் வடிவத்துக்கே பள்ளம் வெட்டுகிறோம். கருவி இல்லாத பள்ளம் அடி நிறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். விமானப் பராமரிப்புக் கூடங்களில் இந்த முறை வேரூன்றியதற்கு இதுதான் காரணம். மறந்துபோன ஒரு ஸ்க்ரூ டிரைவர் எஞ்சினுக்குள்ளோ இறக்கைக்குள்ளோ தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கருவிக் கணக்கு சரியாக இருந்தால்தான் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். நம் பட்டறையில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் நட்டு திருகும் 10 மி.மீ. சாக்கெட்டைத் தேடிக் கழிந்த மாலைகள் எனக்கு நிறையவே நினைவில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கம் இருப்பது சாதாரணத் தடுப்பு. 6 மி.மீ. ப்ளைவுட் பட்டைகளில் பாதி ஆழத்துக்குக் காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து டிராயரில் இறக்கிவிடலாம். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால் போதும், ஒரு மதியத்தில் அலமாரி முழுவதும் முடிந்துவிடும். இதன் பெரிய பலம் கொள்ளளவு. நான் பிளையர்களைத் தடுப்பிலிருந்து ஃபோமுக்கு மாற்றியபோது, அதே டிராயரில் ஏறக்குறைய பாதிதான் கொண்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. ஃபோம் சுவர் நிற்க வேண்டும், மெலிந்தால் கிழிந்துவிடும். விரல் விட்டு எடுக்கவும் இடம் வேண்டும். தடுப்பிலோ பிளையர்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, புத்தகம் போல வரிசையாக அடுக்கலாம். சரி, பத்து பிளையரில் ஒன்று காணாமல் போனால்? மீதி ஒன்பதும் சற்றே சரிந்து அந்த இடைவெளியை மூடிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது, கடந்த சில ஆண்டுகளில் பரவிய கட்டப் பெட்டி முறை. ஸாக் ஃப்ரீட்மன் 2022இல் வெளியிட்ட கிரிட்ஃபினிட்டி இதில் முன்னணி. அடித்தட்டில் 42 மி.மீ. சதுரக் கட்டங்கள், மேலே அதில் பொருந்தி உட்காரும் பெட்டிகள், உயரம் 7 மி.மீ. படிகளில் கூடும். வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால் தேவைப்பட்டதை அடித்துக்கொள்ளலாம். இன்று சாக்கெட் இருந்த இடத்தில் நாளை டிரில் பிட் பெட்டியைத் தூக்கி வைக்கலாம், எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். ஒரு டிராயரை நிரப்ப நாள்கணக்கில் இயந்திரம் ஓட வேண்டும் என்பது உண்மை. டிராயர் அளவு 42இன் மடங்கில் அமைவதும் அபூர்வம், ஓரத்தில் ஒரு கீற்று வீணாகும். இந்த இயந்திரங்களில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கும் பெட்டிக்கு வேறு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். அலென் கீ, பிட், திருகாணி போன்ற சில்லறைச் சாமான்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. அரை மீட்டர் நீள ரெஞ்சுக்கு இது வேண்டாம்.

காந்தப் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாக்கெட்டை நன்றாகப் பிடிக்கும், கூடவே இரும்புத் தூளையும் பிடிக்கும். அளவுக் கருவிகளை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஃபோமை நோக்கிச் சாய்பவர்களுக்குச் சில விஷயங்கள் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில் தவறு நடப்பது பெரும்பாலும் வாங்கும்போதே.

பொருள் பெட்டிகளில் வரும் மெத்தென்ற பாலியூரித்தேன் ஃபோம் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும், வெட்டவும் எளிது. அதைத் தொடாதீர்கள். அதன் நுண்ணறைகள் திறந்தவை. எண்ணெயையும் ஈரத்தையும் பஞ்சு போல உறிஞ்சும், சில ஆண்டுகளில் பிசுபிசுப்பான பொடியாக உதிர்ந்து கருவி மேலேயே ஒட்டும். மூடிய நுண்ணறை கொண்ட பாலிஎத்திலீன் அல்லது ஈ.வி.ஏ. ஃபோம்தான் கருவிக்கு ஏற்றது. ஈ.வி.ஏ. அடர்த்தியானது, விளிம்பு கூர்மையாக வரும், இயந்திரத்தில் வெட்டித் தருபவர்கள் அதை விரும்புவார்கள். கையால் வெட்டுபவருக்கு அடுக்கடுக்காக ஒட்டிய பாலிஎத்திலீன் ஃபோம் நல்லது. கைசன் ஃபோம் என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். ஓரத்தை மட்டும் கத்தியால் கீறிவிட்டு, நடுப்பகுதியை விரலால் அடுக்கு அடுக்காகப் பிய்த்தெடுக்கலாம். பள்ளத்தின் அடி கொஞ்சம் கரடாக இருக்கும், கருவிக்கு அதனால் தொல்லை இல்லை.

லேசரில் வெட்டக் கொடுப்பதென்றால் ஃபோம் எது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பி.வி.சி. கலந்தது என்றால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

வெட்டுவதற்கு முன் கருவிகளை ஃபோம் மேல் சும்மா பரப்பி வைத்து, நாலைந்து நாள் அப்படியே வேலை செய்து பாருங்கள். எதை அடிக்கடி எடுக்கிறோம் என்று நாம் நினைப்பதும் கை நிஜமாகவே எடுப்பதும் வேறாக இருக்கும். அப்புறம் கோடு. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் கோடு கருவியைவிடக் கொஞ்சம் வெளியேதான் விழும். அதனால் கோட்டின் உள்பக்கத்தில் வெட்டினால்தான் கருவி இறுகி உட்காரும். நீளமாக வெளியே வரும் ஒடிக்கும் பிளேடு, அதுவும் புதியது, வேண்டும். அழுத்தி ஒரே வெட்டாக இறக்காமல் இரண்டு மூன்று தடவை இழுத்தால் சுவர் நேராக இருக்கும். கருவியின் தடிமனில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளே இறங்கினால் போதும்.

ஸ்பேனருக்கு விரல்பள்ளத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு முனைக்கு அடியில் மட்டும் இன்னும் ஓரிரு அடுக்கைப் பிய்த்து ஆழமாக்குங்கள். அந்த முனையை அழுத்தினால் மறுமுனை தானாக மேலே எழும். இடமும் மிச்சம், கிரீஸ் கையோடு துழாவவும் வேண்டாம்.

ஃபோமின் ஒரு குறையை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அது நீரை உறிஞ்சாது, ஆனால் இறுக்கமான பள்ளத்தில் கருவிக்கு அடியில் மாட்டிய ஈரம் வெளியேறவும் வழி இல்லை. ஈரத்தோடு வைத்த என் உளி ஒன்றின் அடிப்பக்கம் மறுநாள் செம்மண் நிறத்தில் இருந்தது. தடுப்பில் காற்று போய்வரும். ஃபோமில் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

என் அலமாரியில் இப்போது எல்லாமே கலந்துதான் இருக்கிறது. எண்ணிக்கை மாறாத செட்டுகள், அதாவது சாக்கெட், ஸ்பேனர் வரிசை, வெர்னியர் காலிப்பர், வெட்டுமுனை பட்டுவிடக் கூடாத உளிகள், ஃபோமில். புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும் பிளையரும் ஸ்க்ரூ டிரைவரும் தடுப்பில். அரங்களும் தடுப்பில்தான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம், ஏனென்றால் ஒன்றோடொன்று உரசினால் பல் மழுங்கும். சில்லறை எல்லாம் கட்டப் பெட்டியில்.

புதுக் கருவி வந்தால் ஃபோமை என்ன செய்வது என்று கேட்பீர்கள். டிராயர் அளவுக்கு ஒரே தகடாக வெட்டாமல் மூன்று நான்கு துண்டுகளாகப் போட்டுக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டியது ஒரு துண்டு மட்டும்தான். என் மூன்றாவது டிராயரில் வலது ஓரத்துத் துண்டு இன்னும் வெட்டாமல் வெறுமையாகக் கிடக்கிறது. டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ரெஞ்ச்) வாங்கியதும் அதில் கோடு போடுவேன்.