சுவிட்சைப் போட்டால் படம் வரவேண்டும்: 43 இன்ச் டிவியோடு நான்கு வருடம்

நண்பன் ஒருவன் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டான்: “43 இன்ச்செல்லாம் விலை இறங்கியிருக்காமே, உன் வீட்டு டிவி எப்படிடா இருக்கு? வாங்கலாமா?” பதிலுக்கு நான் அனுப்பிய குரல் பதிவு ஏழு நிமிடம் ஓடியது. பாதியிலேயே நிறுத்திவிட்டானாம். “எழுதிக் கொடு, பஸ்ஸில் போகும்போது படிக்கிறேன்” என்றான். சரி, எழுதியாச்சு. கம்பெனி பெயரை மட்டும் கேட்காதீர்கள். இந்த விலையில் விற்கும் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை என்று மெக்கானிக் சொல்கிறார். அவரைப் பற்றிப் பிறகு.

விலை இறங்கியது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. நான் 2021 தீபாவளிக்கு முந்தின வாரம் 25,990 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில்லைத் தேடியெடுத்துக் கணக்குப் போட்டால் அதில் வரி மட்டும் 5,685 ரூபாய். இன்றைய வரியில் அதே பெட்டி 2,030 ரூபாய் குறைவாக வந்திருக்கும். நான்கு வருடம் பார்த்தபிறகு அதற்கெல்லாம் வயிறெரிய முடியாது. ஆனால் ஒன்று. 32 இன்ச்சுக்கும் அதற்குக் கீழேயும் 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான். அதன்மேல் ‘வரி குறைப்பு’ என்று அட்டை தொங்கினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எங்கள் ஹாலில் சோபாவிலிருந்து டிவி இருக்கும் சுவர்வரை எட்டடி. அதை அளந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். 32 இன்ச்சா, 43 இன்ச்சா என்று மூன்று வாரம் வீட்டில் பேச்சு. 11 இன்ச்தானே கூடுதல் என்று தோன்றும். அது மூலைக்கு மூலை அளப்பது. பரப்பளவைக் கணக்கிட்டால் 43 இன்ச் திரை 32-ஐப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு. கடையில் பையன் முழு ஹெச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளி உள்ள 4கே பெட்டியைக் காட்டி இன்னும் ஐந்தாயிரம் போடுங்கள் என்றான். 43 இன்ச் முழு ஹெச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். சாதாரணக் கண்ணுக்கு ஐந்தரை அடி தாண்டினால் தனிப் புள்ளி தெரியாது. எட்டடியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு 4கே எதற்கு என்று கேட்டேன். பையன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். இந்த முடிவில் இன்றுவரை வருத்தமில்லை. படம் அருமை. இரவில் விளக்கணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, சாம்பலாக வெளுப்பதில்லை. வெளிச்சத்தை இன்னும் பளிச்சென்று காட்டுமாம் என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் ஹெச்டிஆர் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். அந்த சிக்னலை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தப் பளிச்சைக் காட்டும் வெளிச்சம் இந்த விலைத் திரையில் கிடையாது.

முதல் எட்டு மாதம் நாங்கள் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்டி டிவி வாங்கிவிட்டுப் பழைய கேபிள் பாக்ஸையே மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த பாக்ஸ் அனுப்புவது 720-க்கு 576 புள்ளி. டிவியில் இருப்பது 1920-க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. திரையில் நீங்கள் பார்ப்பதில் ஐந்தில் நான்கு பங்கை டிவி தானாக இட்டு நிரப்புகிறது. செய்தி வாசிப்பவர் முகம் வாட்டர் கலரில் வரைந்ததுபோல இருக்கும். “புது டிவியைவிட பழசுல மூஞ்சி நல்லா தெரிஞ்சிச்சு” என்று அம்மா சொன்னபோது கோபம் வந்தது. அம்மா சொன்னதுதான் சரி. சின்னத் திரையில் அந்தக் குறை தெரியாது. அப்புறம் ஹெச்டி பாக்ஸ் வந்தது, ஹெச்டிஎம்ஐ ஒயர் வந்தது, முகங்களும் வந்தன. டிவிக்குப் பணம் ஒதுக்கும்போதே பாக்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

ஒலி சுமார். ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்திருப்பதால் வசனம் தரைக்குப் போகிறது. செட்டிங்கில் செய்திக்கான ஒலி முறையை வைத்தால் பாதி சரியாகும். மீதிக்குப் பழகிவிட்டோம்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன்.

இந்த டிவி சுவிட்சைப் போட்டால் வராது. அதாவது வரும். 58 விநாடி கழித்து வரும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருமுறைக்கு நான்குமுறை பார்த்திருக்கிறேன். முதலில் கம்பெனி பெயர். பிறகு கறுப்பு. பிறகு நான்கு கலர் உருண்டைகள் ஒன்றையொன்று துரத்தும். பிறகு மறுபடி கறுப்பு. இதற்குள் கேபிள் பாக்ஸ் எழுந்து தயாராகிக் காத்திருக்கும். கடைசியில் வருவது சேனல் இல்லை, முகப்புப் பக்கம். ஏதோ ஒரு வெப் சீரிஸின் ரத்தம் தோய்ந்த முகம் பாதித் திரைக்கு. அதன்மேல் அம்பை வைத்துத் தெரியாமல் ஓகே அழுத்தினால் சந்தா கட்டச் சொல்லும். அதிலிருந்து தப்பி, சோர்ஸ் பட்டனை அழுத்தி, வரிசையில் ஹெச்டிஎம்ஐ 1-ஐத் தாண்டி 2-க்குப் போனால்தான் சீரியல். அம்மாவுக்கு வயது 71. அவர் 1-லேயே நின்றுவிட்டால் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். “ஏன்டா, கேபிள்காரன் கட் பண்ணிட்டானா?” என்று எனக்கு ஆபீசுக்கு போன் வரும்.

செட்டிங்கில் ‘கடைசி சோர்ஸிலேயே திறக்கவும்’ என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஆன் செய்துவிட்டு வெற்றி வீரனாக நடந்தேன். ரிமோட்டில் அணைத்து ரிமோட்டில் போட்டால் மூன்றே விநாடியில் சீரியல் வருகிறது. சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டால் அந்த வசதியை அது மதிப்பதே இல்லை. மறுபடி உருண்டை, மறுபடி ரத்த முகம்.

எங்கள் வீட்டில் யார் ரிமோட்டோடு நிறுத்துகிறார்கள்? டிவி பார்த்து முடித்ததும் சுவரில் சுவிட்சை அணைப்பது எங்களுக்குப் பல் தேய்ப்பதுபோல. “செவப்பு லைட்டு எரிஞ்சா அது கரண்ட் குடிக்குதுன்னு அர்த்தம்” என்பது அம்மாவின் கட்சி. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தச் சிவப்பு விளக்கு நிலையில் அரை வாட், வருடம் முழுக்க எரிந்தாலும் நாலரை யூனிட்கூட வராது என்றேன். “நாலு யூனிட் நாலு யூனிட்தானே?” என்றார். இதற்கு என்ன பதில் இருக்கிறது? சுவிட்சின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் டேப் மடித்து டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

2006-இல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவித் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த 14 இன்ச் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. அதில் சுவிட்சைப் போட்டால் ‘டங்’ என்று ஒரு சத்தம், படக்குழாய் சூடேறி ஐந்தாறு விநாடியில் படம். அதன் பிறகு எத்தனை வருடம், எத்தனை முன்னேற்றம்! இப்போது ஒரு நிமிடம். டிவி என்பது எப்போதும் தூங்காமல் அரைக்கண் திறந்தபடி கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். மாலையானால் இரண்டுமுறை கரண்ட் போய்வரும் தெருவில், சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கும் வீட்டில் அது ஓடப்போகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 1 ஜிபி ராம் நினைவகத்தை வைத்துக்கொண்டு இத்தனை விளம்பரத்தைத் தூக்கி வா என்றால் அதுதான் என்ன செய்யும், பாவம்.

போன மாதம் இன்னொரு கூத்து. சத்தம் வருகிறது, படம் இல்லை. திரை முழுக் கறுப்பு. சர்வீஸ் சென்டரில் ஆள் வந்து பார்த்து, பேனல், அதாவது படம் காட்டும் திரையே போய்விட்டது, 14,500 ஆகும், இதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லி, வந்து பார்த்ததற்கு 450 வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவு இந்தக் கம்பெனியை நான் திட்டிய திட்டு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் வந்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். மங்கலாக உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது! “பேனல் உசுரோட இருக்கு சார். பேக்லைட் போயிருக்கு” என்றார். திரைக்குப் பின்னால் பட்டைகளில் எல்இடிகள் மாலைபோலத் தொடுத்திருக்கும், ஒன்று செத்தால் தொடரே அறுந்து எல்லாம் இருண்டுவிடும் என்று விளக்கினார். செத்த ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த இடம் தனியாகப் பளிச்சிடும், அதனால் பட்டை எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்றார். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் பார்சலில் பட்டைகள் வந்தன, 1,400 ரூபாய். கூலி 1,200. பேனல் கண்ணாடியைக் கழற்றி எங்கள் கட்டில்மேல் வைத்த அந்த அரைமணி நேரம் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. அது அப்பளம். விரிசல் விட்டால் டிவி முடிந்தது.

மாட்டி முடித்துவிட்டுச் செட்டிங்கைத் திறந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிக்சர் மோட் ‘டைனமிக்’. பேக்லைட் 100. “கடையில பளபளன்னு காட்டுறதுக்கு வச்ச மோட் சார் இது. நாலு வருஷமா இப்படியேவா ஓடுது?” ஓடியது. நான் தொடவே இல்லை. அவர் ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, பேக்லைட்டை 60-க்கு இறக்கினார். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றியது. இப்போது தோல் நிறம் தோல் நிறமாகத் தெரிகிறது. ஆக, இரவெல்லாம் நான் கம்பெனியைத் திட்டியதில் பாதி எனக்குச் சேரவேண்டியது. நீங்கள் வாங்கினால் முதல் நாளே அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். “டிவிக்குள்ள இருக்கிற போர்டு புதுசாட்டம் இருக்கு. இடி மின்னல் சீசன்ல எனக்கு வர்றதெல்லாம் போர்டு போன கேஸ்தான். சுவிட்ச் ஆஃப் பண்ற வீடு போலிருக்கு.” அம்மா அடுப்படியிலிருந்து எதுவும் சொல்லவில்லை. டம்ளரை வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

நண்பனுக்கு என் பதில்: படத்துக்காக என்றால் வாங்கு. கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்திருக்கிறது. கடையில் படத்தைப் பார்க்காதே, எல்லாமே அங்கே பளபளக்கும். பையனிடம் சுவிட்ச்போர்டில் அணைத்துப் போடச் சொல்லி, சேனல் வரும்வரை எண்ணிப் பார். புது மாதிரிகள் சிலவற்றில் முதன்முதலாக ஆன் செய்யும்போதே ‘பேசிக் டிவி’ என்று ஒரு வழி கேட்கிறது. நெட் இல்லாமல், முகப்பு விளம்பரங்கள் இல்லாமல், வெறும் டிவியாக ஓடும். பெரியவர்கள் பார்க்கும் வீடு என்றால் அதைத் தேர்ந்தெடு. பிள்ளைகளுக்கு வேண்டுமானால் நெட்டில் படம் பார்க்கத் தனியாக ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று எழுதி வைத்திருந்தேன். அது நேற்று மதியம். நேற்று மாலை ஏழரைக்கு, சீரியலில் மருமகள் கதவைத் திறக்கும் நேரத்தில் கரண்ட் போய் ஒரே விநாடியில் திரும்ப வந்தது. இப்போது ஒரு நட்சத்திரம். அதுவும் மெக்கானிக் அண்ணனுக்காக. இந்தக் கம்பெனி டிவியை வாங்காதே.

“வந்துச்சாடா?” என்றார் அம்மா.

“உருண்டை சுத்துதும்மா.”