வழுவழுப்பான டாஷ்போர்டும் ஒட்டிய ஹெட்லைட்டும்

உத்தரவாதக் காலம் முடியும் வரை ஓட்டிவிட்டுத்தான் இந்தச் சிறிய எஸ்.யூ.வி.யைப் பற்றி எழுதுகிறேன். ஓட்டுவதற்குக் குறையே இல்லை. பள்ளத்தில் இறங்கினாலும் முதுகு நோகாது, பின்னிருக்கையில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். என் கோபமெல்லாம் இதை வடிவமைத்தவர்கள் மேல்தான்.

ஏ.சி.க்குத் திருகும் குமிழ் கிடையாது. கறுப்பாக, பளபளவென்று ஒரு தொடுபலகை. விசிறியின் வேகத்தைக் கூட்டக்கூடக் குனிந்து பார்த்துத்தான் தொட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகையில், பர்லியார் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து வெளுத்துவிட்டது. எதிரே பஸ் இறங்கி வருகிறது. நானோ கொண்டையூசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒரு கையால் ஒடித்தபடி, கண்ணாடியைத் துடைத்த ஈர விரலால் அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அது அசைந்து கொடுக்கவில்லை. பழைய காரில் குமிழைக் கோடி வரை திருகினால் வேலை முடிந்தது; கண் சாலையிலேயே இருக்கும்.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் தருகிறது. ஏ.சி.யையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

பணம் போனது விளக்கில். பகலில் எரியும் எல்.இ.டி. பட்டை ஒரு பக்கம் அணைந்துவிட்டது. அதை மட்டும் மாற்ற வழியில்லை, ஹெட்லைட் முழுவதும் பசையிட்டு மூடிய ஒரே பெட்டி. பம்பரைக் கழற்றி விளக்கையே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் ஐந்திலக்க எஸ்டிமேட் நீட்டினார்கள். பழைய காரில் இருந்தது எச்4 என்ற சாதாரண ஹாலஜன் பல்பு. ரப்பர் மூடியை உருவி, கம்பிக் கொக்கியை விலக்கினால் கையோடு வந்துவிடும். எந்த உதிரிபாகக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிய விளக்கின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோவையில் ஒரு மெக்கானிக் விளக்கைச் சூடேற்றிப் பிரித்து, கருகிய எல்.இ.டி.யை மட்டும் மாற்றி மறுபடி ஒட்டித் தந்தார். பசை சரியாகப் பிடிக்காவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும் என்று முன்பே எச்சரித்தார். இதுவரை இறங்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் இதே காரின் அடிப்படை மாடலைப் பாருங்கள். அதில் ஹாலஜன் பல்பு, ஏ.சி.க்குக் குமிழ் இரண்டும் உண்டு, விலையும் குறைவு. ஷோரூமில் அதை நிறுத்தி வைப்பதில்லை, கேட்டால்தான் காட்டுவார்கள்.