வயல் மனையான இடத்தில்: தரைத் தோட்டமா, மாடித் தோட்டமா?

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் மனைகளாகிவிட்டதே என்று வருந்துவோர் பலர், அங்கேயே குடியேறிய பின், எங்கே பயிரிடுவது என்று தயங்குகிறார்கள்.

மண்: தரையில் கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், அவற்றை அகற்றித் தோண்டினால்தான் பழைய வயலின் களிமண் தென்படும், அதற்கும் தொழுவுரம் தாராளமாக இட வேண்டும். மாடியில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் செம்மண்ணும் கலந்தால் போதும்.

செலவு: தரையில் தோண்டும் கூலி ஒருமுறைதான். மாடியில் செடி வளர்க்கும் பைகள் வெயிலில் இற்றுப்போவதால் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டும்.

நீர்: தாழ்ந்த நிலமாதலால் வடகிழக்குப் பருவமழையில் தரையில் நீர் தேங்கும் (வாய்க்காலைத் தூர்த்துவிட்டு மழையைக் குறைசொல்லிப் பயனில்லை). மாடியிலோ சித்திரை வெயிலில் இருவேளை ஊற்ற வேண்டும்.

மேட்டுப்பாத்தி அமைத்து வாழையும் எலுமிச்சையும் வளர்க்க விரும்புவோருக்குத் தரையே ஏற்றது. கீரையும் கத்தரியும் போதுமென்போரும் வாடகைக்குக் குடியிருப்போரும் மாடியைத் தேர்ந்தெடுக்கலாம்.