மார்கழி ஓட்டப் பயிற்சி: மூணாறா, மறையூரா?

42.195 கிலோமீட்டர் மாரத்தானுக்கு மார்கழி, தை மாதங்களில் ஆயத்தமாகும் நம் தமிழக-கேரள எல்லைப்பகுதி ஓட்டக்காரர்களுக்கு, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறும் அதைவிடத் தாழ்வான மழைமறைவுப் பகுதியாகிய (மலைகள் தடுப்பதால் மழை குறைவாகப் பெய்யும் இடமாகிய) மறையூரும் வெவ்வேறு விதத்தில் கைகொடுக்கின்றன.

மூணாற்றில் சில விடியற்காலைகளில் வெப்பநிலை உறைநிலையைத் தொட்டு, தேயிலைக் கொழுந்தின்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருக்கும். அந்நேரத்தில் எடுத்தவுடன் வேகமாக ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், வீட்டுக்குள்ளேயே உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளத்தக்க மேலாடையுடன் இறங்குவதே முறை. மூடுபனியில் வளைவுக்கு அப்பால் யானை நிற்பதும் அங்கு அரிதன்று.

மறையூரின் கரும்புத் தோட்டச் சாலைகளில் குளிர் மிதமானது. நீண்ட தூரத்தைச் சீரான வேகத்தில் ஓட இதுவே ஏற்றது. ஏற்றப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை மூணாறு போதும், அதுவும் வெயில் ஏறிய பின். குளிரில் தாகம் தெரியாவிட்டாலும், இரண்டு இடத்திலும் தண்ணீர் குடித்தாக வேண்டும்.